கூரைக்கு மேலே ஒரு கண்

வானை அண்ணாந்து நோக்குதல் மனிதனின் பழைய வழக்கம். உழவன் மழைமுகிலைத் தேடினான்; மாலுமி விண்மீனைத் தேடினான்; நோன்பாளி பிறையைத் தேடினான். வானம் தங்களைத் திருப்பி நோக்கும் என்று அவர்களுள் எவரும் எண்ணியிரார். இன்று அதுவும் நிகழ்ந்துவிட்டது. வீட்டு வாயிலில் நிற்பவர், கூரைக்கு மேலே வெண்ணிறப் பெருமீன் ஒன்று அசைவற்று மிதப்பதைக் காண்கிறார். அது யாருடையது, எதைப் பார்க்கிறது என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. இராணுவக் கண்காணிப்புப் பலூன் என்பது அதன் பெயர்.

நாட்டைக் காப்போர்க்கு உளவு வேண்டுவதே. அதனை நாம் மறுக்கவில்லை. வள்ளுவரும் ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர்தாம். ஆனால் அவர் கண்ட ஒற்றன், பிறர் ஐயுறாத தோற்றத்தோடு மக்களிடையே உலவிய ஒரு மனிதன். இப்பலூனோ ஊரறிய நிற்கிறது. இரவும் பகலும் கீழுள்ள அனைத்தையும் ஒருசேரப் பார்க்கிறது. பகைவன், பால்காரன் என்னும் வேறுபாடு அதற்கு இல்லை. பழைய ஒற்றிலக்கணம் இதற்குப் பொருந்தாது என்பதே நம் கருத்து.

இதன் அமைப்பு எளியது. ஹீலியம் வாயு நிரப்பிய பெரும் பை. அதனைத் தரையோடு பிணைக்கும் உறுதியான வடம். வயிற்றுப்புறத்தில் ராடாரோ, இருளிலும் காணவல்ல காமிராவோ தொங்கும். விமானத்துக்கு எரிபொருள் தீரும். இதற்கு அந்தக் கவலை இல்லாமையால் நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும்.

ஆப்கானிஸ்தானில் இருந்த ஆண்டுகளில் அமெரிக்கப் படையினர் காபூல், காந்தஹார் முதலிய நகரங்களின் மேல் இத்தகைய பலூன்களைப் பறக்கவிட்டனர். சாலையோரம் குண்டு புதைப்போரைக் கண்டறிய அவை உதவின என்பர். அதனால் உயிர்கள் காக்கப்பட்டதும் உண்மையாகலாம். எனினும் ஆப்கானிய இல்லத்தின் அமைப்பை ஈண்டு நினைத்துப் பார்த்தல் வேண்டும். உயர்ந்த மண்சுவர்கள் வீட்டைச் சூழ்ந்திருக்கும். சுவருக்கு உள்ளே முற்றம். பெண்கள் அந்நியர் பார்வை படாமல் நடமாடும் இடமும், கோடை இரவுகளில் குடும்பத்தார் காற்றோட்டமாகப் படுத்துறங்கும் இடமும் அதுவே. அச்சுவர் தெருவை மறைக்குமேயன்றி வானை மறைக்காது. தம் பெண்டிரையும் முற்றத்தையும் மேலிருந்து ஒரு கண் பார்க்கிறதே என்று அம்மக்கள் மனம் வெதும்பினர். பலூனைச் சுட்டு ஓட்டையிட்டவர்களும் உண்டு. படம் எடுக்கப்பட்டதா, எடுத்தது எங்கே வைக்கப்பட்டது, எவர் பார்த்தார் என்ற வினாக்களை எழுப்ப அவர்களுக்கு ஒரு மன்றம் இல்லை. 2015 அக்டோபர் 11 அன்று காபூலில் நேட்டோ படைத் தலைமையகத்தில் இறங்க முயன்ற பிரிட்டிஷ் ஹெலிகாப்டர் ஒன்று, இத்தகைய பலூனின் வடத்தில் மோதி வீழ்ந்து ஐவர் மாண்டனர். காவலுக்கு நின்ற கண்ணின் கயிறே காவலர்க்குச் சுருக்காயிற்று.

அதே மாதத்தில் இவ்வகைப் பலூன் ஒன்று அமெரிக்காவிலும் செய்தியாயிற்று. மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகருக்கு வடகிழக்கே உள்ள அபர்டீன் படைத்தளத்தில், 2014 டிசம்பரில் முதல் பலூன் எழுப்பப்பட்டது. நீளம் ஏறத்தாழ 243 அடி. எட்டவல்ல உயரம் 10,000 அடி. தாழப் பறந்து வரும் ஏவுகணைகளைக் காணும் ராடாரைத் தாங்குவது அதன் பணி. இத்திட்டத்துக்குச் செலவான தொகை ஏறத்தாழ 270 கோடி டாலர். அவ்வட்டார மக்களும் காந்தஹார் மக்களைப் போலவே அண்ணாந்து பார்த்து ஐயுற்றனர். அவர்களுக்கு விடை கிடைத்தது. மக்களைப் பார்க்கும் காமிரா இதில் இல்லை என்று இராணுவம் வெளிப்படையாக அறிவித்தது. ஆயினும் முன்னர் யூட்டா மாநிலத்தில் நடந்த சோதனையில் இதே வகைப் பலூனில் காமிரா பொருத்திப் பார்த்ததை, அதனைச் செய்த நிறுவனமே 2013இல் பெருமையோடு வெளியிட்டிருந்தது. எனவே அந்தரங்க உரிமைக்காகப் பாடுபடும் அமைப்பு ஒன்று ஆவணங்களைக் கேட்டு 2014இல் இராணுவத்தின்மீது வழக்குத் தொடுத்தது.

பின்னர் நிகழ்ந்தது நகைப்புக்கும் உரியது. 2015 அக்டோபர் 28 அன்று அப்பலூன் வடத்தை அறுத்துக்கொண்டு கிளம்பிற்று. ஆறாயிரம் அடிக்கும் மேற்பட்ட வடத்தைத் தரையில் இழுத்தபடி பென்சில்வேனியா மாநிலத்துக்குள் சென்று, மின்கம்பிகளை அறுத்து, ஆயிரக்கணக்கான வீடுகளை இருளில் ஆழ்த்திற்று. போர் விமானங்கள் பின்தொடர்ந்தன. ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து அது மரங்களிடையே வீழ்ந்தபின், மாநிலக் காவலர் துப்பாக்கியால் சுட்டுக் காற்றை வெளியேற்றினர். அறுந்தால் தானே காற்றை வெளியேற்றும் கருவி அதில் இருந்தது. அக்கருவிக்கு பேட்டரி போடப்படவில்லை என்று விசாரணை கூறிற்று! அத்திட்டம் அதன்பின் எழவே இல்லை.

காந்தஹாரிலும் மேரிலாந்திலும் நின்றவை ஓரினத்தவை. எழுப்பியதும் ஒரே படை. ஓரிடத்தில் கேள்வி கேட்டோர்க்கு அறிவிப்பும், நீதிமன்றமும், விசாரணை அறிக்கையும் வாய்த்தன. மற்றோரிடத்தில் மண்சுவரை இன்னும் உயர்த்திக் கட்டுவதன்றி வேறு வழியில்லை. போர்க்களத்துக்கும் அமைதி நாட்டுக்கும் ஒரே விதி பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். போர்க்களத்தில் முற்றங்கள் இருக்கின்றன என்பதே நம் விடை.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. 2025 மே 3 அன்று மத்தியப் பிரதேசத்து ஷியோபூரிலிருந்து, நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஆகாயக் கப்பல் ஒன்றைச் சோதனையாக ஏவியது. அது ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரம் எட்டிற்று. நம் அறிஞர்களின் திறம் பாராட்டுக்குரியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்ததும் இந்நாட்டில்தான். ஆனால் 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு முதலிய காரணங்களுக்காகத் தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க நடுவணரசுக்கு இடம் தருகிறது. எல்லையில் நிற்கும் கருவிக்கு அவ்விலக்கு தகும். குடியிருப்புகளுக்கு மேலே ஒன்றை நிறுத்துவதாயின், எவர் ஆணையால் நிற்கிறது, எடுத்த படங்கள் எத்தனை நாள் வைக்கப்படும், முறையிட விரும்புவோர் எவரிடம் செல்லவேண்டும் என்ற மூன்றையும் அவ்வூரார் மொழியில், பலூன் எழும்புமுன்னரே எழுதி ஒட்டுதல் வேண்டும். சட்டம் பயிலும் நம் மாணவர்கள் அந்த 17ஆம் பிரிவை ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்ப்பார்களாக.