சாம்பல் மார்க்கெட்டில் ஒரு டிராக்டர்

கறுப்பு மார்க்கெட் என்றால் நம் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் காலத்தைப் பார்த்த பெரியவர்களைக் கேட்டால், சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் பட்ட பாட்டை ஒரு மணி நேரம் சொல்வார்கள். ஆனால் 'சாம்பல் மார்க்கெட்' என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? போன மாதம் வரையில் நான் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை பிள்ளை ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்பி, என் அறியாமையைப் போக்கினான்.

"மாமா, ஒரு டிராக்டர் வாங்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட இப்போ சொல்லிடாதீங்க."

கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிற பிள்ளைக்கு டிராக்டர் எதற்கு என்கிறீர்களா? வட கரோலினாவின் மலைப் பக்கத்தில் அவன் ஐந்து ஏக்கர் நிலத்தோடு ஒரு வீடு வாங்கியிருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்குகிறது. புல் இடுப்பு உயரம் வளர்கிறது. மழை பெய்தால் சரளைக்கல் பாதை வாய்க்காலாகிவிடுகிறது. ஆள் வைத்துச் செய்தால் கூலி கட்டுப்படியாகவில்லை. புதுச் சிறு டிராக்டர் விலை 20,000 டாலரை ஒட்டிப் போகிறது. அப்படியிருக்க, பக்கத்து ஊர் வியாபாரி ஒருவர் 6,500 டாலருக்கு ஒன்று தருகிறாராம். டெலிபோனிலேயே படம் காட்டினான். செக்கச் செவேல் என்று, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

"ஜப்பான் வண்டி மாமா. அங்கே உபயோகிச்சது. நேரா இறக்குமதி. இதைத்தான் இங்கே சாம்பல் மார்க்கெட்னு சொல்றாங்க."

சாம்பல் மார்க்கெட் சரக்கு திருட்டுச் சரக்கு அல்ல, போலியும் அல்ல. அசல் கம்பெனி செய்த அசல் சாமான்தான். ஆனால் ஒரு நாட்டில் விற்பதற்கென்று செய்ததை, கம்பெனியின் சம்மதம் இல்லாமல் வேறொருவர் இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய் விற்கிறார். கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை. அதனால் சாம்பல்.

ஜப்பானில் ஏன் இவ்வளவு பழைய டிராக்டர்கள் மிஞ்சுகின்றன என்பதற்குக் காரணம் உண்டு. அங்கே சாதாரணக் குடியானவருக்கு நிலம் ஓரிரு ஹெக்டேர்தான். நெல் வயலில் சேற்றுழவுக்கு வருஷத்தில் சில நாட்கள் வண்டி ஓடும். பாக்கி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். குடியானவருக்கு வயதாகிறது, பிள்ளை பட்டணம் போய்விடுகிறான், வண்டி விலைக்கு வருகிறது. அதை வாங்கிக் கப்பலேற்றுகிறார்கள். சில வியட்நாமுக்குப் போய், அங்கே பழுது பார்க்கப்பட்டுப் புது வர்ணம் பூசிக்கொண்டு, பிறகு அமெரிக்கா போய்ச் சேருகின்றன.

யந்திரத்தைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. யான்மார் என்ற ஜப்பானியக் கம்பெனி 1933-இலேயே கைக்கடக்கமான டீசல் என்ஜினைச் செய்து காட்டியது. யான்மா என்றால் ஜப்பானிய பாஷையில் பெரிய தும்பி. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெரிய கம்பெனியான ஜான் டியர் தன் பெயரில் விற்ற சிறு டிராக்டர்களைச் செய்து கொடுத்ததும் இந்தத் தும்பிதான். ஆகவே, "ஜப்பான் வண்டி நல்ல வண்டி" என்று மருமான் சொன்னதில் பொய் இல்லை.

பின்னே என்ன தகராறு? அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். குபோட்டா என்ற இன்னொரு ஜப்பானியக் கம்பெனி, தன்னுடைய பழைய டிராக்டர்களே இப்படி வந்து இறங்குவதை எதிர்த்து, அமெரிக்க சர்க்காரின் சர்வதேச வர்த்தகக் கமிஷனிடம் முறையிட்டது. 1997-இல் கமிஷன் பல மாடல்களின் இறக்குமதியைத் தடுத்து உத்தரவு போட்டது. 1999-இல் அப்பீல் கோர்ட்டும் அது சரியென்றது. "பெயர் ஒன்றாயிருந்தாலும் சாமான் ஒன்றல்ல" என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அமெரிக்காவுக்கென்று செய்த வண்டிக்கும் இதற்கும் கட்டுமான பலத்தில் வித்தியாசம், வேகத்தில் வித்தியாசம், கியரில் வித்தியாசம். எச்சரிக்கை அட்டைகள் ஜப்பானிய எழுத்தில் இருக்கின்றன. உள்ளூர் ஏஜெண்டிடம் உதிரி பாகமும் கிடைக்காது, பழுது பார்க்கப் புஸ்தகமும் கிடைக்காது.

அதற்காக இப்படி ஒரு டிராக்டரை வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் வந்து பிடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். தகராறெல்லாம் கொண்டுவருகிறவருக்கும் விற்கிறவருக்கும்தான். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். 1999, 2000 வருஷங்களிலிருந்து அங்கே சிறு டீசல் என்ஜின்களுக்கும் புகைக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆகையால், வண்டி எந்த வருஷத்தில் செய்யப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நியாயம்தான். ஆனால் விலை கொடுத்து வாங்குகிற மாட்டைப் பல்லைப் பார்க்காமல் வாங்கினவன் நம் ஊரில் உண்டா? சந்தையில் தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடிப்பதற்கு முன்னாலேயே, மாட்டின் வாயைத் திறந்து பார்த்து, நாலு அடி நடக்க விட்டு, சுழி பார்த்து, வாலைக்கூட முறுக்கிப் பார்ப்பார்கள். அதையேதான் நான் மருமானுக்குச் சொன்னேன். எனக்கு டிராக்டர் தெரியாது. ஆனால் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் கூப்பிட்டேன். அவர் சொன்னவை உங்களில் யாருக்காவது உபயோகப்படலாம். நம் ஊரில் பழைய டிராக்டர் வாங்குகிறவருக்கும் இவற்றில் பாதி பொருந்தும்.

முதலாவது, என்ஜினில் ஓடிய மணிகளைக் காட்டும் மீட்டரை நம்பாதே. அது மாட்டின் பல்லைப்போல் வாயோடு பிறந்ததல்ல. கழற்றி மாட்டுகிற சாமான். கிளட்ச் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்டீயரிங்கை ஆட்டினால் எவ்வளவு சும்மா சுற்றுகிறது, கலப்பை மாட்டுகிற ஊசித் துவாரங்கள் எவ்வளவு அகன்றிருக்கின்றன என்று பார். அவை பொய் சொல்லா.

இரண்டாவது, என்ஜின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல். சூடாக இருந்தால் சீக்காளி என்ஜினும் எழுந்து நிற்கும். குளிரில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து உடனே நின்றால் பாதகமில்லை. நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்படு. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார். குபுகுபுவென்று ஆவி வந்தால் உள்ளே தேய்மானம் அதிகம்.

மூன்றாவது, கியர் பெட்டி ஆயிலையும் முன்சக்கர அச்சின் ஆயிலையும் பார். சேற்றில் உழுத வண்டியாயிற்றே! தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்கும். பின்னால் பாரமான சாமானைத் தூக்க வைத்து என்ஜினை நிறுத்து. மெதுவாக இறங்கினால் வயதுக்கு மரியாதை. தொப்பென்று விழுந்தால் செலவு.

நான்காவது, பின்னால் சுழல்கிற பி.டி.ஓ. ஷாப்ட். புல் வெட்டும் சாமான்களில் பெரும்பாலானவை நிமிஷத்துக்கு 540 சுற்றுக்கென்று செய்தவை. ஜப்பானிய வண்டிகளில் பலவற்றுக்கு மூன்று நான்கு வேகங்கள் உண்டு. மேல் வேகத்தில் தெரியாமல் போட்டுவிட்டால் கத்தி அளவுக்கு மீறிச் சுழலும். பிய்த்துக்கொண்டு பறந்தாலும் பறக்கும். லீவர் மேலே எழுதியிருப்பதோ ஜப்பானிய எழுத்து. இன்னொன்று: பழைய மாடல்களில் கிளட்சை மிதித்தாலும், சுற்றுகிற கத்தியின் வேகம் வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அதைத் தடுக்க ஒரு சிறு இணைப்புச் சாமான் உண்டு. அதைத் தனியாக வாங்கி மாட்டவேண்டும்.

ஐந்தாவது, மாடல் நம்பரையும் வரிசை நம்பரையும் தகட்டில் பார்த்து எழுதிக்கொள். விலை பேசுவதற்கு முன்னால் உதிரி பாகம் விற்கிறவரைக் கூப்பிட்டு, தண்ணீர் பம்ப், கிளட்ச் தட்டு, ஆயில் சீல் மூன்றும் கிடைக்குமா என்று கேள். சில ஜப்பானிய மாடல்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. சிலவற்றுக்கு அடியோடு கிடையாது. கிடைக்காத வண்டி எத்தனை மலிவாயிருந்தாலும் கொட்டகையில் நிற்கப் போகிற பொம்மைதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மெக்கானிக் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி, அந்தப் படத்தை இன்னொரு தரம் காட்டுங்க" என்றார். பார்த்தார். "டிரைவர் தலைக்கு மேலே இரும்பு வளைவு எங்கே?" என்றார்.

இல்லை.

டிராக்டர் சரிவில் கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் அடியில் போகாமல் காப்பதற்காக, ஆசனத்துக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவு நிறுத்துகிறார்கள். ஸ்வீடன் தேசத்தில் 1959-இலேயே புது டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். அமெரிக்காவில் 1976-க்குப் பிறகு செய்த, 20 குதிரை சக்திக்கு மேற்பட்ட டிராக்டரில் கூலிக்கு ஆள் ஓட்டினால், முதலாளி இதைப் பொருத்தித் தரவேண்டும். 1985-இலிருந்து அந்த அளவு டிராக்டர்களில் கம்பெனிகளே இதைப் போட்டு விற்கின்றன. வளைவும் வேண்டும், இடுப்பில் பெல்ட்டும் வேண்டும். வளைவு இருந்து பெல்ட் இல்லாவிட்டால் ஆள் தூக்கி எறியப்படுவார். வளைவு இல்லாமல் பெல்ட் மட்டும் போட்டுக்கொண்டால் அது அதைவிட ஆபத்து. சமவெளி வயலில் ஓடிய பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இரண்டும் கிடையாது.

"ஊர்ப் பட்டறையில் ஒண்ணு வெல்டிங் பண்ணி மாட்டிக்கலாமே?" என்றான் மருமான்.

"மாட்டலாம். வண்டியோட முழு எடையும் அது மேலே விழுந்தா நிக்குமான்னு யார் சோதிச்சுப் பார்த்தது? உங்க மாடலுக்குன்னு சோதனை பண்ணின வளைவு கிடைச்சா வாங்குங்க. கிடைக்கலைன்னா அந்தச் சரிவுக்கு இந்த வண்டி வேண்டாம்."

அப்போதுதான் டெலிபோனில் அவன் மனைவியின் முகம் தெரிந்தது. இவ்வளவு நேரமும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "மாமா, வண்டி வந்தா குழந்தையை மடியில உட்கார வெச்சுண்டு ஓட்டறேன்னு இவர் சொல்லிண்டிருக்கார்" என்றாள்.

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, "அம்மா, டிராக்டர்லே ஒரு சீட்டுதான். ஒருத்தர்தான். எங்க ஊர்லே நான் பார்த்திருக்கேன்" என்றார். என்ன பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மருமான் வியாபாரியிடம் சொல்லாமல் காலையிலேயே போய் நின்றிருக்கிறான். என்ஜின் மேல் கையை வைத்தால் சில்லென்று இருந்ததாம். ஸ்டார்ட் ஆயிற்று, புகையும் சீக்கிரம் நின்றது. இதுவரைக்கும் பாஸ்! ஆனால் முன் அச்சின் ஆயில் நம் கும்பகோணம் டிகிரிக் காப்பி மாதிரி இருந்தது. உதிரி பாகக் கடையில் அந்த மாடலுக்கு வளைவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வியாபாரி 500 டாலர் குறைத்தார். பிறகு இன்னும் 500 குறைத்தார். பையனுக்கு மனசு தடுமாறத்தான் செய்தது. 5,500 டாலருக்குச் சிவப்பு டிராக்டர் யாருக்குத்தான் ஆசையாயிராது?

இங்கே நியாயம் சொல்லிவிட வேண்டும். அதே வண்டியைச் சமநிலத்தில் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர், தானே ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர், உதிரி பாகம் கிடைக்கும் மாடலாகப் பார்த்து, வளைவும் பொருத்தி வாங்கினால், அவர் செய்தது கெட்டிக்கார வியாபாரம். அப்படி வாங்கிப் பல வருஷம் சந்தோஷமாய் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். வண்டியின் பேரில் குற்றமில்லை. மருமானுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. வீட்டுக்குப் பின்னாலோ சரிவு. 6,500 டாலரோடு அச்சு ரிப்பேர், நாலு டயர், கத்திக்கு வேண்டிய இணைப்பு, வேலை நின்றுபோகிற நாட்கள் எல்லாவற்றையும் கூட்டிக் காகிதத்தில் எழுதச் சொன்னேன். 9,000-ஐ எட்டிவிட்டது. அதற்குப் பிறகும் தலைக்கு மேலே வானம்தான்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் விடியற்காலை டெலிபோன் வந்தது. பழைய டிராக்டர்தான், ஆனால் அமெரிக்காவுக்கென்றே செய்து, அங்கேயே விற்ற வண்டி. 8,800 டாலர். கிழவர் ஒருவர் வைத்திருந்தது. வர்ணம் வெயிலில் வெளுத்துப் பாதி உரிந்திருக்கிறது. ஆசனத்தில் இரண்டு கிழிசல். பின்னால் இரும்பு வளைவு மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

"பார்க்க ரொம்பச் சுமாரா இருக்கு மாமா" என்றான் மருமான், கொஞ்சம் வெட்கத்தோடு.

அவன் மனைவி டெலிபோனைப் பிடுங்கி எனக்கு வாசலைக் காட்டினாள். குழந்தை தாழ்வாரத்தில், படிக்கு இந்தப் பக்கம், ஒரு பொம்மை டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தது. செக்கச் செவேல் என்று இருந்தது அது.