வயோதிகர் க்ஷேமமும் வீட்டுக் கதவும்

தனித்து வாழும் வயோதிகரின் க்ஷேமத்தைப் போலீஸார் விசாரித்து வருதல் நல்ல ஏற்பாடே. அவர்களுடைய உயிரையும் உடைமையையும் காக்கத் திட்டம் வகுக்கும்படி 2007-ம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ராஜ்ய சர்க்கார்களைப் பணித்தது. அதையொட்டி எழுந்த மாதிரி விதிகள், போலீஸ் பிரதிநிதி ஒருவர், கூடுமானவரை ஒரு சமூக ஊழியருடன், மாதம் ஒரு முறையேனும் அவர்களைச் சென்று காண வேண்டுமென்கின்றன.

ஆயினும் க்ஷேமத்தின் பெயரால் வீட்டுக் கதவு போலீஸாருக்கு எந்நேரமும் திறந்ததாகிவிடலாகாது. சந்தேகத்துக்குரியோர் வீட்டுக்கு இரவில் சென்று சோதிக்க உத்தரப் பிரதேசப் போலீஸாருக்கு அதிகாரமளித்த விதி செல்லாதென்று சுப்ரீம் கோர்ட் 1962-ல் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் ஜீவாதார உரிமையேயென 2017-ல் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகக் கூறினர். சந்தேகத்துக்குள்ளானவனுக்கு உள்ள பாதுகாப்பு, குற்றமேதும் செய்யாத முதியவருக்கு இல்லையா?

நமது அபிப்பிராயம் இது: பகலில், முன்னறிவித்து, முதியவரின் சம்மதத்துடன் போலீஸார் வரட்டும், அவர் வேண்டாமென்றால் வாசலிலிருந்தே திரும்பட்டும். அழைத்தும் குரலில்லை, காலையில் வைத்த பால் எடுக்கப்படவில்லை, அயலார் அஞ்சுகின்றனர் என்றால், தாமதியாமல் கதவை உடைக்கட்டும். ஆனால் அயலார் முன்னிலையில் உடைத்து, காரணத்தை எழுதி வைக்கட்டும்.

இவ்வரம்பைச் சர்க்கார் விதியாகவே எழுதிவிட வேண்டும். அதிகாரிகளின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிப் பிரஜையின் வீட்டை விட்டுவைப்பது சுதந்திர நாட்டுக்கு அழகன்று.