ரிவால்வரா, பிஸ்டலா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன், கொட்டிவாக்கம்

துப்பாக்கி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது திரைப்படமே. கதாநாயகன் கையில் உருளை சுழலும் ரிவால்வர். வில்லன் கையில் பளபளக்கும் பிஸ்டல். ஆறு தோட்டாதான் என்றாலும் கதாநாயகன் அறுபது முறை சுடுவான்! அந்தத் துப்பாக்கியைப் பற்றி நான் எழுத வரவில்லை. நடிகர் அஜித்குமார் 2021இலும் 2022இலும் தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் பதக்கங்கள் பெற்ற பின், இது ஒரு விளையாட்டும் கூட என்று நம் மாணவர்கள் பலருக்குத் தெரிய வந்தது. தேசிய மாணவர் படையில் .22 ரைஃபிளைத் தொட்டுப் பார்த்த நண்பர்களிடையே அன்று முதல் ஒரு வாதம் ஓயாமல் நடக்கிறது. போட்டிக்குச் செல்பவன் ரிவால்வரைத் தேர்வதா, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலைத் தேர்வதா? ரிவால்வர் கட்சிக்கே இங்கு ஆதரவு அதிகம். நான் பிஸ்டல் கட்சி.

எங்கள் கொட்டிவாக்கம் குப்பத்தில் எந்த வலை சிறந்தது என்று யாரும் கேட்பதில்லை. கவலை மீனுக்குப் போகிறோமா, வஞ்சிரத்துக்குப் போகிறோமா என்றுதான் கேட்பார்கள். துப்பாக்கிக்கும் அதே கேள்விதான் முதற்கேள்வி: எந்தப் போட்டிக்கு?

1896இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் இக்கேள்வி எழவே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த பெய்ன் சகோதரர்கள் கோல்ட் ரிவால்வர்களைக் கொண்டு இராணுவப் பிஸ்டல் போட்டியில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தனர். நேர நெருக்கடி வந்த பின்தான் ரிவால்வரின் ஆட்சி ஆட்டங்கண்டது.

இன்றைய 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டியை எண்ணிப் பாருங்கள். ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். இலக்குக்கு ஒன்றாக ஐந்து குண்டுகள். முதலில் 8 வினாடி, பிறகு 6, பிறகு 4. அதுவும் ஒரே கையில்! நான்கு வினாடிக்குள் கையைத் தூக்கி, ஐந்து இலக்கையும் கடந்து, ஒவ்வொன்றிலும் குறி வைத்து விசையை அழுத்த வேண்டும். ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் கட்டை விரலால் சுத்தியை இழுத்து நிறுத்த இங்கே நேரமேது? இழுக்காமல் சுட்டால், உருளையைச் சுழற்றும் வேலையும் சுத்தியைத் தூக்கும் வேலையும் விசை விரலின் தலையில் விழும்; அந்தப் பாரத்தில் குறி அலையும். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் நம் விஜய்குமார் வெள்ளி வென்றது இந்தப் போட்டியில்தான். இறுதிச் சுற்றில் 40 குண்டுகளில் 30 இலக்கில் பதிந்தன. ரிவால்வர் கட்சியினர் இதற்கு மட்டும் பதில் சொல்வதில்லை.

ஆனால் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டி என்று ஒன்று உண்டு. வழக்கு அங்கே இவ்வளவு எளிதாக முடியாது. ஜஸ்பால் ராணா 1994இல் ஹிரோஷிமாவிலும் 2006இல் தோஹாவிலும் ஆசியத் தங்கம் வென்ற போட்டி அது. தோஹாவில் 600க்கு 590 எடுத்து உலகச் சாதனையைச் சமன் செய்தார். 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை குழல் விட்டமுள்ள பிஸ்டலுக்கும் ரிவால்வருக்கும் அதில் ஒருசேர இடமுண்டு. முதற்பாதியில் ஐந்து குண்டுக்கு ஐந்து நிமிடம். அதில் நல்ல ரிவால்வர் எவருக்கும் இளைத்ததன்று. பிரான்சின் மானூரன் நிறுவனம் இதற்கென்றே எம்.ஆர். 32 என்ற ரிவால்வரைச் செய்தது. மறுபாதியில் இலக்கு மூன்று வினாடி முகம் காட்டும், ஏழு வினாடி மறைந்து நிற்கும். ஒரு முகத்துக்கு ஒரு குண்டு. ஏழு வினாடியில் சுத்தியை இழுத்துக்கொள்ளலாமே என்பார்கள். இழுக்கலாம். ஆனால் கட்டை விரல் நகரும் போதெல்லாம் பிடி கலைகிறது. முப்பது முறை கலைந்த பிடியை முப்பது முறையும் அதே இடத்தில் அமைக்க வேண்டும்.

நான் படிக்கும் பாடமும் என் கட்சியில்தான் இருக்கிறது. ரிவால்வரின் குழல் கைப்பிடிக்கு வெகு மேலே அமைந்துள்ளது. பின்னுதைப்பு அந்த உயரத்திலிருந்து மணிக்கட்டை நெம்புகோல் போல் மேலே திருப்பும். போட்டிப் பிஸ்டலில் குழல் கையோடு ஒட்டித் தாழ்ந்திருக்கும், திருப்புவிசை குறைவு. உதைப்பின் ஒரு பகுதியைப் பின்னோக்கி நகரும் பூட்டு வாங்கிக்கொள்கிறது. மேலும் ரிவால்வரின் உருளையில் உள்ள ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராகத் துல்லியமாக வந்து நிற்க வேண்டும். பிஸ்டலில் இருப்பது ஒரே அறை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வால்தர், பார்தினி போன்ற போட்டிப் பிஸ்டல்கள் சுடும் .32 தட்டைமூக்குத் தோட்டா, பழைய ரிவால்வர் தோட்டாவின் வழிவந்ததே. தாத்தாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு தாத்தாவையே பேரன் வென்றுவிட்டான்!

"ரிவால்வர் சிக்கிக்கொள்ளாது" என்பது எதிர்க்கட்சியின் கடைசி ஆயுதம். உண்மைதான். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் அழுத்தினால் அடுத்தது வரும். காவலருக்கு அது உயிர் காக்கும் குணம். போட்டியிலோ, சுடுபவன் மேல் தவறின்றிப் பிஸ்டல் சிக்கினால் விதிகளே ஒரு வரம்புக்குள் மறுவாய்ப்புத் தருகின்றன. கான்பூர் ரிவால்வர் நம் நாட்டுத் தயாரிப்பு, விலையும் குறைவு என்பாரும் உளர். அது தற்காப்புக்கென்று செய்யப்பட்டது. இலக்குக்கேற்பத் திருகி நகர்த்தும் குறிமுள் அதில் கிடையாது. மலிவு என்பதற்காக மாட்டு வண்டியைப் பந்தய மைதானத்தில் ஓட்ட முடியுமா?

இவ்வளவு வாதாடிய நான் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் எதையும் வாங்கும் நிலையில் நானில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வெளிநாட்டுப் போட்டிப் பிஸ்டலின் விலை இலட்சங்களில். தோட்டாச் செலவு தனி. இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கு ஆயுதச் சட்டம் உரிமம் தருவதில்லை. முறையான பயிற்சிக்கு மட்டுமே விலக்கு. எனக்கு இருபது. விஜய்குமாருக்கு இராணுவம் இருந்தது; அங்கே துப்பாக்கியும் தோட்டாவும் பயிற்சிக்களமும் கிடைத்தன. குப்பத்துப் பையனுக்கும் பெண்ணுக்கும் யார் இருக்கிறார்கள்? ரிவால்வரா பிஸ்டலா என்று நாம் மரத்தடியில் வாதிடும் வேளையில், வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைகள் குறி பார்க்கப் பழகிவிடுகிறார்கள். எனக்கு உறுத்துவது இதுதான்.

எனவே நம் கல்லூரி முதலில் வாங்க வேண்டியது வேறு ஒன்று. 4.5 மில்லிமீட்டர் காற்றுப் பிஸ்டல். வெடிமருந்து இல்லை, தோட்டாச் செலவு சொற்பம். ஒரு முறைக்கு ஒரே குண்டு. ஆகவே அவசரப் புத்தியை அடக்க அதைவிட நல்ல ஆசான் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் தனியாகவும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்தும் வெண்கலம் வென்றது இந்தக் காற்றுப் பிஸ்டலில்தான். அதே மனு பாக்கர் அதே பாரிஸில் 25 மீட்டர் பிஸ்டலிலும் நான்காம் இடம்வரை சென்றார். ஒரு கை பழகினால் மற்றொன்று தானே வரும்.

இரண்டு காற்றுப் பிஸ்டல்களைக் கல்லூரியின் பெயரில் வாங்கி, உடற்கல்வி ஆசிரியர் பொறுப்பில் பூட்டி வைத்து, வாரம் இருமுறை யார் வந்தாலும் கற்றுக்கொடுத்தால் போதும். களம் எங்கே என்று கேட்கிறார்கள். சுடும் தூரம் பத்து மீட்டர்தான். நம் இயற்பியல் ஆய்வகத்தின் பின்தாழ்வாரம் அதைவிட நீளம். அதன் கோடியில் சன்னலில்லாத சுவரும் இருக்கிறது.