ராத்திரி பத்து மணிக்கும் வீடு கொதிப்பது ஏன்? மதுரையின் கூரைக் கணக்கு

மதுரையில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது புதுசு இல்லை. பொழுது சாய்ந்த பிறகும் வீட்டுக்குள் அனல் குறையாததுதான் இப்போதைய புலம்பல். "ஃபேன் போட்டா அனல் காத்துதான் வருது" என்று பலரும் சொல்கிறார்கள். இதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. தலைக்கு மேலே இருக்கும் பொருளும் ஒரு காரணம்.

இரும்பு, கான்கிரீட்டைவிட சுமார் 30 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் தகர ஷீட் வீடு காலை பத்து மணிக்கே அடுப்பாகிவிடுகிறது. ஆனால் ஷீட் மெல்லியது, வெப்பத்தைச் சேர்த்து வைக்க முடியாது. வெயில் போனதும் சீக்கிரம் ஆறிவிடும்.

கான்கிரீட் இதற்கு நேர்மாறு. பகல் முழுக்க வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். மத்தியான வெப்பம் தளத்தைத் தாண்டி உள்ளே இறங்கச் சில மணி நேரம் ஆகும். அதாவது, மக்கள் படுக்கப் போகும் நேரத்தில்தான் கூரை 'வேலையை' ஆரம்பிக்கிறது.

ஓலைக் கூரை குளுகுளுவென்று இருக்கக் காரணம், ஓலைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. 17-ம் நூற்றாண்டில் செங்கல், சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் வழி வேறு. அதன் தடித்த சுவரை வெப்பம் கடப்பதற்குள் பொழுதே முடிந்துவிடும். உயரமான கூரையும் கைகொடுக்கிறது.

இங்கேதான் சிக்கல். 2030-க்குள் குடிசை இல்லாத தமிழகம் என்ற இலக்கோடு, 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டப்படும் என 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. தீ, மழை பயம் இல்லாத வீடு நிச்சயம் தேவை. ஆனால் கோடை ராத்திரியில் தூக்கம் வராத வீடாக அது மாறிவிடக் கூடாதே!

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அது உயிர் போன பிறகு வரும் பணம். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட்டோ அடிப்பது அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, செலவும் கம்மி. தகர வீடு என்றால், ஷீட்டுக்குக் கீழே இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ தெர்மாகோலோ அடிக்கலாம். தெர்மாகோல் தீப்பிடிக்கும் என்பதால் சமையல் செய்யும் பக்கம் மட்டும் வேண்டாம். வெள்ளை மாடியில் தூசி படிந்தால் பலன் குறையும், அப்பப்போ கழுவிவிட வேண்டும்.