பழைய தட்டும் புதிய பெட்டியும்

வீடு மாறுகிறவர் பெட்டி படுக்கைகளை எடுத்துச் செல்லலாம். கிணற்றை எடுத்துச் செல்ல முடியாது. யாவரும் அறிந்த இச்சிறிய உண்மையை எமக்கு மறுமுறையும் கற்பித்தது ஒரு கணினி என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைத்தபின் சற்றே செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

எமது தமக்கையார் வீட்டில் 2010ஆம் ஆண்டில் வாங்கிய கணினியொன்று இருந்தது. விண்டோஸ் 7 என்னும் பணிசெயல் முறைமையைக் கொண்டது. பணிசெயல் முறைமை என்பது, கணினியின் உறுப்புக்கள் அனைத்தையும் வேலைவாங்கும் தலைமை மென்பொருள். அதனை ஆக்கிய மைக்ரோசொப்ட் நிறுவனம் 2020 ஜனவரி 14ஆந் திகதியுடன் அதற்கான வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது. கணினியும் முதுமையெய்தி, விசிறி ஓலமிடத் தொடங்கிற்று. ஆகவே பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்துப் புதிய கணினி ஒன்று வாங்கப்பட்டது.

ஆனால் அப்பழைய பெட்டியினுள்ளே விலைமதிப்பற்ற பொருளொன்று கிடந்தது. எமது தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். கண்பார்வை மங்கிய இறுதிக் காலத்தில், ஊர்க் குளங்களின் பெயர்களையும், வயல்களின் பெயர்களையும், எந்த வளவில் எக்குடும்பம் வாழ்ந்தது என்பதனையும் அவர் சொல்லச் சொல்லத் தமக்கையார் தட்டச்சுச் செய்து வைத்தார். தந்தையாரின் பழைய குறிப்புக் கொப்பிகளைக் கறையான் தின்றுவிட்டது. அவர் மறைந்த பின்னர் எஞ்சியது வன்தட்டில் உள்ள அந்த ஒரே பிரதிதான்.

“மாமா, இதிலென்ன கஷ்டம்? பழைய வன்தட்டைக் கழற்றிப் புதிய பெட்டியிற் பூட்டினால் எல்லாம் அப்படியே வந்துவிடும்” என்றான் உயர்தரம் படிக்கும் மருமகன். எமக்கும் அது நியாயமாகவே தோன்றிற்று. திருகாணிகள் பொருந்தின, வடமும் பொருந்திற்று. மின்விசையை அழுத்தினோம். கருந்திரையில் ஆங்கில வரியொன்று தோன்றியது. தொடங்கக்கூடிய சாதனம் எதுவும் இல்லை என்பது அதன் பொருள். வன்தட்டு உள்ளே சுழன்றுகொண்டிருக்க, அப்படியொன்று இருப்பதாகவே புதிய கணினி ஏற்க மறுத்தது!

இம்மறுப்பிற்குக் காரணம் உண்டு. பழைய கணினிகளில் மின்விசை வந்தவுடன் விழித்தெழுவது பயொஸ் என்னும் சிறு நிரல். அது வன்தட்டின் முதற்பகுதியான 512 பைற்றுக்களை வாசித்து, ஆட்சியை அங்குள்ள கட்டளைகளிடம் ஒப்படைக்கும். இக்காலக் கணினிகளிலோ பயொஸின் இடத்தில் யூஈஎப்ஐ என்னும் முறை அமர்ந்திருக்கின்றது. அது முதற்பகுதியை நாடாது, வன்தட்டில் இதற்கெனவே ஒதுக்கப்பட்ட தனிப்பிரிவில் தொடக்கக் கோப்பைத் தேடும். எமது பழைய வன்தட்டில் அப்பிரிவே இல்லை. வாயிலைக் கிழக்கே வைத்துக் கட்டிய வீட்டில் மேற்கே நின்று கதவைத் தட்டினால் யார் திறப்பார்?

இத்தடையைக் கடந்தாலும் இரண்டாந் தடை காத்திருக்கும். பணிசெயல் முறைமை தான் நிறுவப்பட்ட கணினியின் உறுப்புக்களுக்கேற்ற செலுத்திகளை, அதாவது அவ்வுறுப்புக்களுடன் பேசுதற்குரிய சிறு மென்பொருள்களை, வைத்துக்கொண்டிருக்கும். புதிய உறுப்புக்களின் மொழி அதற்குத் தெரியாது. வன்தட்டை அணுகும் செலுத்தி பொருந்தாவிடின் நீலத்திரை தோன்றி எல்லாம் நின்றுவிடும். விண்டோஸ் 7 வெளிவந்தபோது யூஎஸ்பி 3 முறைக்கான செலுத்தி அதனுடன் வரவில்லை. ஆதலால் அது புதிய பெட்டியில் ஒருவாறு எழுந்தாலும், விசைப்பலகையும் சுட்டியும் உயிரற்றுக் கிடக்கக்கூடும்.

மூன்றாவது தடை உரிமம். கணினியுடன் சேர்த்து விற்கப்படும் விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. தனியாக விலைகொடுத்து வாங்கிய உரிமத்தை மட்டுமே, பழைய கணினியிலிருந்து நீக்கிய பின் புதியதற்கு மாற்றலாம்.

இங்ஙனம் நாம் கைபிசைந்து நிற்கையில், மருமகன் அடுத்த முயற்சியில் இறங்கினான். விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவத் தொடங்கினான். “எதில் நிறுவுவது?” என்று திரை கேட்டது. பெயரேதும் இன்றி, இலக்கமும் கொள்ளளவும் மாத்திரம் கொண்ட இரண்டு சேமிப்பகங்கள் அங்கே வரிசையாக நின்றன. ஒன்று புதியது, மற்றையது கழற்றாமல் விடப்பட்டிருந்த பழையது. ‘அழி’ என்னும் சொல்லை நோக்கிச் சுட்டி நகர்ந்தது. அப்போது தேநீருடன் வந்த தமக்கையார் கூவினார்: “பொறு மோனை! அதிலைதானே அப்பு சொன்னதெல்லாம் கிடக்குது!”

மருமகனின் கை அப்படியே நின்றது. அவன் தேர்ந்திருந்தது பழைய வன்தட்டையே.

வாசகர்களே, இவ்வொரு கணத்தை உங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். புதிய பணிசெயல் முறைமையை நிறுவும்போது பழைய வன்தட்டின் வடத்தைக் கழற்றிவிடுங்கள். பூட்டப்படாத தட்டை எவராலும் தவறுதலாக அழிக்க முடியாது. இதற்குச் செலவுமில்லை, கல்வியும் வேண்டியதில்லை.

அன்றிரவு நாம் ஆற அமர எண்ணிப் பார்த்தோம். எமக்கு வேண்டியது விண்டோஸ் 7 அன்று, தந்தையாரின் சொற்களே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சிற் பதிப்பித்தார். செல்லரித்த ஏட்டுச்சுவடிகளை என்றென்றும் நிலைக்கச் செய்ய அவராலும் இயலாது. ஆனால் ஏட்டில் இருந்த எழுத்தைக் கடதாசிக்கு மாற்ற இயன்றது, நூல் பிழைத்தது. சுவடி வேறு, நூல் வேறு என்பதை அறிந்தவரே நூலைக் காப்பவர். வன்தட்டும் ஒரு சுவடிதான்.

மறுநாள் முறையாகத் தொடங்கினோம். புதிய சேமிப்பகத்தில் மாத்திரம் விண்டோஸ் 11 நிறுவப்பட்டது. பழைய வன்தட்டை, யூஎஸ்பி வழியாக இணைக்கும் மலிவான இணைப்பி ஒன்றின் மூலம் வெளியிலிருந்து இணைத்தோம். கோப்புக்களை வெட்டி ஒட்டாமல், நகல் எடுத்தோம். இடையில் மின்சாரம் நின்றுவிட்டால் மூலமாவது பிழைக்கும் அல்லவா? தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஓசை கேட்குமாயின் உடனே நிறுத்தி, அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே அறிவு. பழுதான தட்டை மீண்டும் மீண்டும் இயக்குவது புண்ணைக் கீறுவது போலாகும்.

தமக்கையாரின் கோப்புறையைத் திறக்க முயன்றபோது, அனுமதி இல்லை என்று கணினி தடுத்தது. அஞ்சற்க. விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் மறைவாக ஓர் அடையாள எண்ணை வழங்குகிறது. பெயர் ஒன்றாயினும் புதிய கணினியில் அவ்வெண் வேறு. நிர்வாகி உரிமையுடன் ‘தொடர்க’ என்பதை அழுத்தினால் பெரும்பாலும் வழி திறக்கும். மற்றொன்று: ‘ஆவணங்கள்’ என்ற கோப்புறையோடு நின்றுவிடலாகாது. எமது தேடலில் தந்தையாரின் கட்டுரைகள் பாதி முகப்புத்திரைக் கோப்புறையிலும், சில பதிவிறக்கக் கோப்புறையிலும், ஒன்று வன்தட்டின் வேறொரு பிரிவிலுமாகச் சிதறிக் கிடந்தன.

எல்லாம் வந்து சேர்ந்தன என்று மகிழ்ந்து முதற்கோப்பைத் திறந்தோம். ஐயகோ! ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கும்பலாய்க் குவிந்திருந்தன. தமக்கையாரின் கண் கலங்கிற்று. கோப்புப் பழுதாயிற்று என்றே அவர் எண்ணினார்.

கோப்புப் பழுதாகவில்லை. அக்காலத்தில் எம் நாட்டிற் பலரும் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் அது தட்டச்சிடப்பட்டிருந்தது. பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினியின் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளே. அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அப்போர்வை விலகிவிடுகின்றது. பழைய வன்தட்டின் விண்டோஸ் கோப்புறைக்குள் இருந்த எழுத்துருக்களையும் நகலெடுத்துப் புதியதில் நிறுவினோம். அக்கணமே தந்தையாரின் வரிகள் தமிழாய் எழுந்து நின்றன.

எனினும் அவ்வளவில் அமைதல் போதாது. பாமினி உள்ள கணினியில் மாத்திரம் வாசிக்கத்தக்க கோப்பு நாளை அநாதையாகும். ஆதலால் மாற்றும் மென்பொருளின் உதவியால் அவற்றை யுனிகோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாற்றினோம். இதிலும் அவதானம் வேண்டும். இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்களையும் மென்பொருள் தமிழெனக் கருதி உருக்குலைத்துவிட்டது. தமக்கையார் மூன்று நாட்கள் அமர்ந்து, மூலத்தோடு வரிவரியாக ஒப்புநோக்கித் திருத்தினார்.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவும் முடிவுற்றமையால், இன்று பல வீடுகள் எமது நிலையில் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10, 11 ஆகியவை புதிய உறுப்புக்களை அறிந்துகொள்வதில் முன்னையவற்றை விட வல்லவை. முழு வன்தட்டையும் புதியதற்குப் படியெடுத்தால் அவை பல வேளைகளில் எழுந்துவிடும். குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருள்களும் இதற்கு உள. லினக்ஸ் தன் செலுத்திகளிற் பெரும்பாலானவற்றைத் தன்னுடனேயே கொண்டிருப்பதால் இடமாற்றத்தை எளிதிற் பொறுத்துக்கொள்ளும். ஆயினும் எதைச் செய்வதற்கு முன்னரும் வேண்டிய கோப்புக்களை வேறோரிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். பிட்லொக்கர் பூட்டு இருப்பின், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பு இல்லாமல் வேறு கணினியில் அத்தட்டு திறவாது. பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அவ்விலக்கங்களை எழுதிவைத்தல் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் வீட்டிற் கணினி அறிந்தவர் பெரும்பாலும் நீங்களே. பெரியோர் உங்களை நம்பித் தட்டைக் கையில் தருவர். ‘அழி’ என்பதை அழுத்துமுன், “இதில் யாருடைய எது இருக்கிறது?” என்று வீட்டாரை ஒருமுறை கேளுங்கள். அக்கேள்விக்குரிய விடை எந்தப் பாடநூலிலும் இல்லை, அம்மாவிடந்தான் இருக்கும்.

எமது தந்தையாரின் எழுத்துக்கள் இப்போது புதிய கணினியிலும், தனியான ஒரு வெளித்தட்டிலும், வெளிநாட்டிலுள்ள சகோதரரிடத்திலும் இருக்கின்றன. கடதாசியிலும் ஒரு பிரதி அச்சிட்டுக் கட்டி வைத்தோம். பழைய வன்தட்டையும் எறிந்துவிடவில்லை. நாள் குறித்த உறையில் இட்டு அலுமாரியில் வைத்துள்ளோம்.

சென்ற ஞாயிறு மாலை மருமகன் அப்பிரதியை விரித்து, தான் ஒருபோதும் கண்டிராத வயல்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தான். தமக்கையார் அடுக்களையிலிருந்தவாறே உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்.