'தேவைப்படும்போது கொடுப்பேன்' என்பவருக்கு

"என் வீட்டாருக்கு ஆபத்து வந்தால் அப்போது இரத்தம் கொடுப்பேன். முன்பின் தெரியாதவருக்கு ஏன்?" செபராங் ஜெயாவில் இந்தப் பேச்சைப் பலரிடம் கேட்கிறேன். இது தவறான கணக்கு.

முதலில், உங்கள் இரத்த வகை பொருந்த வேண்டும். பொருந்தினாலும் எடுத்ததை அப்படியே ஏற்ற முடியாது. எச்ஐவி, ஹெப்படைடிஸ் பி, சி, சிபிலிஸ் சோதனைகள் முடிய வேண்டும். நெடுஞ்சாலையில் அடிபட்டோ பிரசவத்தில் உதிரம் கொட்டியோ செபராங் ஜெயா மருத்துவமனைக்கு வருபவரைக் காப்பது, யாரோ முன்பே கொடுத்துவைத்த இரத்தம்தான். அதுவும் நெடுநாள் தாங்காது: சிவப்பணுக்கள் ஏறக்குறைய 6 வாரம், தட்டணுக்கள் சில நாள். கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். அவர்களுக்கு அந்த 'அப்போது' ஓயாமல் வருகிறது.

"உடம்பு தளர்ந்துவிடும்" என்பதும் வீண் பயம். பெரியவர் உடலில் ஓடுவது சுமார் 5 லிட்டர். எடுப்பது அரை லிட்டருக்கும் குறைவு. நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்கள் சில வாரங்களில் நிரம்பும். உடல் தகுதியைப் பார்த்த பிறகே ஊசி போடுவார்கள்.

நாளை உங்கள் தாய்க்கு ஏறப்போகும் இரத்தம் இன்று ஓர் அந்நியர் உடலில் ஓடுகிறது. அவருக்காக நீங்களும் கை நீட்டுங்கள்.