கொதித்தால் போதுமா? வடித்தால் போதுமா?

ஊசிமருந்து ஏற்றிய சில மணி நேரத்தில் நோயாளிக்குக் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் கண்டு அவர் இறந்துபோனால், மறுநாள் பத்திரிகையில் நாம் எழுதும் சொல் ஒன்று உண்டு: 'ஒவ்வாமை'. நெடுங்காலம் செய்தி மேசையில் இருந்தவன் என்ற வகையில் அச்சொல்லை நானும் பலமுறை அச்சேற்றியிருக்கின்றேன். வைத்தியசாலை சொன்னது, நாம் எழுதினோம். ஒவ்வாமை என்று எழுதிவிட்டால் குற்றம் நோயாளியின் உடம்பின்மேல் விழுந்துவிடும், மருந்து தப்பிவிடும். அம்மருந்து கரைக்கப்பட்ட நீர் எப்படிக் காய்ச்சப்பட்டது, எதனூடாக வடிக்கப்பட்டது என்று நாம் எவரிடமும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் காலம் கடந்தேனும் இங்கு கேட்க விரும்புகின்றேன்.

கிணற்று நீரைத் துணியில் வடித்து, கொதிக்கவைத்து ஆற்றிக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். 'காய்ச்சினதுதானே, வடிச்சதுதானே' என்ற நம்பிக்கை எம் இரத்தத்தில் ஊறியது. குடிநீருக்கு அது சரி. வயிறு பலவற்றைத் தாங்கும், இரத்தநாளம் தாங்காது. நாளத்துக்குள் நேரே செல்லும் நீருக்கு இந்த நம்பிக்கை போதாது என்பது நூறாண்டுகளுக்கு முன்னரே தெரிந்த உண்மை.

அக்காலத்தில் ஊசி ஏற்றிய பின் வரும் காய்ச்சலை 'ஊசிக் காய்ச்சல்' என்றே மருத்துவர்கள் அழைத்தனர். 1920களில் புளோரன்ஸ் சீபெர்ட் என்ற பெண்மணி அதன் காரணத்தைக் கண்டறிந்தார். காய்ச்சி வடித்த நீரிலேயே குற்றம் இருந்தது. பற்றீரியா செத்தாலும் அதன் உடற்சுவரிலுள்ள நச்சுப்பொருள் நீரில் எஞ்சிவிடுகின்றது. நீர் ஆவியாகும்போது அது ஆவியாவதில்லை. ஆனால் ஆவியோடு அள்ளுண்டு செல்லும் நுண்துளிகளில் ஏறி மறுபக்கம் சேர்ந்துவிடுகின்றது. அத்துளிகளைத் தடுத்துப் பிடிக்கும் வடிகலன் ஒன்றை அவர் அமைத்தார். காய்ச்சலும் நின்றது.

இந்த நச்சு 121 பாகை செல்சியஸ் நீராவிக்கும் அழியாது. அழிப்பதற்கு உலர்வெப்பம் 250 பாகையில் அரைமணி நேரம் வேண்டும். அந்த வெப்பத்தைக் கண்ணாடிக் குப்பிக்குக் கொடுக்கலாம், மருந்துக்குக் கொடுக்க முடியாது. வடிகட்டியும் கைகொடுக்காது. 0.22 மைக்ரோமீற்றர் துளையுள்ள மென்சவ்வு பற்றீரியாவை நிறுத்தும், நச்சை நிறுத்தாது. அச்சவ்வில் ஓர் ஊசிமுனைக் கிழிசல் இருந்தால் பற்றீரியாவையும் நிறுத்தாது. ஆதலால்தான் வடித்து முடிந்த பின்னரும் சவ்வு பழுதுபடாமல் இருந்ததா என்று காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி. சுத்தமாக்கிய நீரையும் 70 பாகைக்கு மேல் சூடாக, ஓயாது சுழலவிட்டே பெரும்பாலும் வைத்திருக்கின்றார்கள். குழாயின் ஒரு மூலையில் நீர் தேங்கி ஆறினால் அங்கே பற்றீரியா குடியேறும்.

ஐரோப்பிய மருந்து நூல் 2017 ஏப்பிரல் முதல், காய்ச்சி வடிக்காது சவ்வுகளின் மூலமே ஊசிநீர் தயாரிப்பதையும் அனுமதித்தது. எரிபொருள் மிச்சம், செலவு குறைவு என்று இதனைக் கொண்டாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வெப்பம் என்ற காவற்காரனை அகற்றினால் கண்காணிப்பு என்ற காவற்காரன் இருமடங்கு விழித்திருக்க வேண்டும். செலவுக் குறைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு விழிப்பை விட்டுவிடுவது எமது பகுதியின் பழக்கம்.

பணக்கார நாடுகள் தவறியதில்லையா என்று கேட்கலாம். தவறியிருக்கின்றன. 1972இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில், டெவன்போர்ட் வைத்தியசாலையில், குளுக்கோஸ் கரைசல் ஏற்றப்பட்ட நோயாளிகள் ஐவர் இறந்தனர். கரைசற் போத்தல்களைக் கிருமிநீக்கம் செய்த கலத்தின் அடிப்பாகத்தில் காற்று அகலாது தங்கிவிட்டது. அங்கிருந்த போத்தல்களுக்கு உரிய வெப்பம் கிட்டவில்லை. வெப்பமானி அதனைக் காட்டியது. தொழிலாளரோ வெப்பமானிதான் பழுது என்று எண்ணி வேறொரு அளவியை நம்பினர். 2012இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநில மருந்தகம் ஒன்று உரிய நேரத்துக்கும் குறைவாகச் சூடேற்றி அனுப்பிய ஊசிமருந்தால் 20 மாநிலங்களில் 753 பேர் நோயுற்றனர். அவர்களில் 64 பேர் இறந்ததாக அக்காலத்தில் கணக்கிடப்பட்டது.

அங்கும் தவறு நடந்தது. ஆனால் வெப்பமானி காட்டியது என்ன என்பது வரை விசாரணையில் வெளிவந்தது. அதனாலேயே இன்று நான் இதனை எழுத முடிகின்றது.

இனி எம் வீட்டுக்கு வருவோம். 2023 ஏப்பிரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலரின் கண்களில் கடுந்தொற்று ஏற்பட்டது. இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்ட கண்துளி மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. பார்வை வேண்டி வந்தவர்கள் இருந்த பார்வையையும் இழந்து சென்றனர். அதே ஆண்டில் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்துக் கொள்வனவு அம்பலமாகி, சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். அவ்விடயம் நீதிமன்றத்துக்குரியது, இங்கு நான் தீர்ப்பெழுதப் போவதில்லை.

அதே 2023இல் சென்னையை அண்மித்த தொழிற்சாலை ஒன்றில் தயாரான செயற்கைக் கண்ணீர்த் துளிகளுடன் தொடர்புபட்ட தொற்று அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 81 பேரைப் பீடித்தது. 14 பேர் பார்வையிழந்தனர், நால்வரின் கண் அகற்றப்பட்டது, நால்வர் இறந்தனர். அமெரிக்கப் பரிசோதகர்கள் அத்தொழிற்சாலைக்கு நேரிற் சென்று கண்ட குறைகளின் பட்டியல் பகிரங்கமாக்கப்பட்டது. ஒஹாயோவில் உள்ள ஒருவர் சென்னைக்கருகிலுள்ள தொழிற்சாலையின் உள்நிலையை வீட்டிலிருந்தே வாசிக்கலாம். தன் பிள்ளைக்கு ஏற்றப்படும் ஊசிமருந்து எங்கே, எப்படிக் காய்ச்சி வடிக்கப்பட்டது என்பதை வவுனியாவிலோ ஹற்றனிலோ இருக்கும் தாய் ஒருத்தி தன் மொழியில் வாசிக்க முடியுமா?

'மாதிரிகளை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கின்றோம், அது போதாதா?' என்பது அதிகாரிகளின் வழமையான பதில். போதாது. சிறு கணக்கொன்று போட்டுப் பாருங்கள். ஆயிரம் போத்தலுக்கு ஒன்று கெட்டிருக்கும் பெருந்தொகுதியிலிருந்து இருபது போத்தல்களை எடுத்துச் சோதித்தால், கெட்டது அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுதான். மிகுதித் தொண்ணூற்றெட்டுத் தடவைகளிலும் 'சித்தி' என்ற சான்றிதழே கிடைக்கும். கிருமியற்ற தன்மையைக் கடைசியில் சோதித்து உறுதிசெய்ய முடியாது. தயாரிக்கும்போதே உறுதிசெய்ய வேண்டும். எனவே ஊசிமருந்தின் உண்மையான நற்சான்றிதழ், அது எத்தனை பாகையில் எத்தனை நிமிடம் இருந்தது, வடிகட்டி சோதனையில் தேறியதா என்ற பதிவேடுதான்.

'நாம் ஏழை நாடு. கெடுபிடி கூடினால் மருந்தின் விலை ஏறும். மருந்தில்லாமல் சாவதைவிட ஏதோ ஒரு மருந்து மேல்' என்பது மற்றைய வாதம். 2022இன் பொருளாதார நெருக்கடியில் வெறுமையான மருந்துத் தட்டுகளைப் பார்த்தவர்கள் எவரும் இவ்வாதத்தை எள்ளிநகையாட மாட்டார்கள். ஆயினும் அது பிழையான வாதம். ஒழுங்காக இயங்கும் தொழிற்சாலையில் அப்பதிவேடு ஏற்கெனவே இருக்கின்றது; அதன் பிரதியொன்றைக் கேட்பதனால் விலை எவ்வளவு ஏறிவிடும்? பதிவேடு இல்லாத தொழிற்சாலை குறைந்த விலை கூறுகின்றதென்றால், அது விற்பது மலிவான மருந்தல்ல. கெட்டுப்போன கண்ணுக்கும் போன உயிருக்கும் ஆகும் செலவை எந்தக் கேள்விப்பத்திரத்தின் விலைப்பட்டியலில் சேர்த்திருக்கின்றோம்?

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையைத் தந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவல் அறியும் உரிமையைத் தந்தது. இரண்டையும் இணைத்து மூன்றைக் கேட்போம். நாளத்துக்கும் கண்ணுக்கும் செல்லும் ஒவ்வொரு மருந்துத் தொகுதியோடும் வெப்பப் பதிவும் வடிகட்டிச் சோதனைப் பதிவும் வரவேண்டும். அவற்றைத் தயாரிக்கும் தொழிற்சாலைகள் பற்றிய பரிசோதனை அறிக்கைகள் மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும். ஊசி ஏற்றியபின் நிகழும் ஒவ்வொரு மரணத்திலும் அத்தொகுதியின் எஞ்சிய குப்பிகள் முத்திரையிடப்பட்டு, நச்சுச் சோதனைக்கு அனுப்பப்பட வேண்டும்.

நான்காவது எமது தொழிலைச் சேர்ந்தோருக்கானது. உண்மையான ஒவ்வாமையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் குப்பியைச் சோதிக்குமுன் அச்சொல்லை எழுதாதீர்கள். வைத்தியசாலை வாசலில் அழுதுகொண்டு நிற்பவரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதும் நீங்கள், அந்தக் குப்பியின் தொகுதி இலக்கத்தையும் கேட்டு எழுதுங்கள். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.